1948: பெப்ரவரி 4உம் நவம்பர் 15உம்

இலங்கை என்ற நாடு எந்த ஆண்டில் பிறந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் 1948 என்பார்கள். பிரித்தானிய முடியுடனான தொடர்பு முற்றாக அறுந்து குடியரசான 1972ஐச் சொல்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் 1948தான் என்பேன். ஆனால் அந்த ஆண்டின் பெப்ரவரி 4ஆம் திகதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மலைநாட்டுத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டின் நவம்பர் 15ஐச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்காக என் மகள் மனப்பாடம் செய்து ஒப்புவித்த தாளில் முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் இருந்தது, முதலாவது அமைச்சரவையின் பெருமை இருந்தது. அந்த அமைச்சரவை முதலாவது ஆண்டிலேயே யாரை வெளியே நிறுத்தியது என்பது ஒரு வரியிலும் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையே அதை அறியாமல் மேடையேறப் போகிறாள் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அமைச்சரவையைச் சாதாரணமானது என்று யாரும் சொல்ல முடியாது. 1947 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடந்த தேர்தலில் 95 ஆசனங்களில் 42ஐ மட்டுமே வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, சுயேச்சை உறுப்பினர்களின் துணையோடு அமைத்த அரசாங்கம் அது. 14 பேர் கொண்ட அந்த அவையில் நிதிக்கு ஜே. ஆர். ஜயவர்தன, சுகாதாரத்துக்கும் உள்ளூராட்சிக்கும் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, விவசாயத்துக்கு டட்லி சேனாநாயக்க, போக்குவரத்துக்கு ஜோன் கொத்தலாவல என்று பொறுப்புகள் பகிரப்பட்டிருந்தன. பிரதமரோடு சேர்த்தால், பின்னாளில் நாட்டை ஆண்ட ஐவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். வவுனியாவின் சி. சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சராகவும், மன்னாரின் சி. சிற்றம்பலம் தபால் அமைச்சராகவும், மலாய் சமூகத்தைச் சேர்ந்த ரி. பி. ஜாயா தொழிலாளர் துறை அமைச்சராகவும் இருந்தார்கள். எல்லா இனமும் சேர்ந்த அரசாங்கம் என்று வெளியுலகுக்குக் காட்டத்தக்க படம்தான் அது.

அந்தப் படத்தில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு இடம் இருக்கவில்லை. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். வடக்கு, கிழக்குத் தமிழரையும் விட எண்ணிக்கையில் அதிகம். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் சபைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாக அது நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சுதந்திரத்துக்கு வயது பத்து மாதம்கூட ஆகவில்லை.

சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜை ஆவதற்கு அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கொழும்பிலோ காலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தவரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றைப் பொதுவாக யாரும் கேட்கவில்லை. கேட்டது பெரும்பாலும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவரிடம்தான். என் தாத்தா தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பன் தமிழ்நாட்டின் துறையூர்ப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு வந்தவர். ஆகவே தாத்தா பிரஜை இல்லை.

இப்படி விடுபட்டவர்களுக்கென்று 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழு வருடம், மணமாகாதவர் என்றால் பத்து வருடம், தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் அந்த விண்ணப்பத்தின் பிரதி இன்னும் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்து, பின்னால் பழைய காலண்டர் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனுள்ளே ஒரு தோட்டத்துத் துண்டுச் சீட்டு, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த ஒரு கடிதம், கீழே ஊதா மையில் பெருவிரல் அடையாளம். 1941இல் ஊரில் தாய் செத்துப்போனதற்குப் போனவர் திரும்பி வர 14 மாதமாகிவிட்டது. 12 மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பது விதி. தாயின் காரியத்துக்குப் போனதற்காக ஒரு மனிதன் நாடற்றவன் ஆனதை எந்தச் சொல்லால் நியாயப்படுத்துவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அரசாங்கத் தரப்பின் நியாயத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் என்று பிரித்தானியர் வளைத்துப்போட்ட மலைகளைச் சுற்றி வாழ்ந்த கண்டிச் சிங்களக் குடியானவனின் மனக்குறை உண்மையானது. நிலம் இழந்தவன் தன் கிராமத்தின் வாக்குப் பலத்தையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அந்த நிலத்தை எடுத்தவன் துரை. கொழுந்துக்கூடை சுமந்தவள் எடுக்கவில்லை. இடதுசாரிகள் 1947இல் பெற்ற ஆசனங்களும், தோட்டத்து வாக்கு அவர்கள் பக்கம் சாய்ந்ததும் ஆளுங்கட்சியைக் கலங்க வைத்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அவசரம் புரியும்.

எனக்கு இதைவிடவும் வலிப்பது, 1949இல் வாக்குரிமையும் பறிபோன பிறகு நடந்த கணக்கு. தொகுதிகளைப் பிரிக்கும்போது மொத்தக் குடிசனத்தையே கணக்கில் எடுத்தார்கள். அதனால் தோட்டத்து மக்களின் தலைகள் மலைநாட்டுக்கு ஆசனங்களைக் கூட்டிக்கொடுத்தன. அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று சபைக்கு வர 1977 ஆனது.

தமிழ்த் தலைமைகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பிரஜாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், அடுத்த மாதமே அந்த அரசாங்கத்தில் கைத்தொழில் அமைச்சரானார். சுந்தரலிங்கம் டிசம்பரில் பதவி விலகினார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அந்தத் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தச் சட்டங்கள் ஒரு முக்கிய காரணம். சிங்களத் தலைவர்களில் இடதுசாரிகள் எதிர்த்து நின்றதை நாங்கள் மறக்கக் கூடாது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை இயற்றக் கூடாது என்று அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுத்திருந்தும், வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போய், 1953இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பெரிய அத்தையும் பிள்ளைகளும் அதில்தான் போனார்கள். தாத்தாவும் பாட்டியும் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தாத்தா லயத்திலேயே கண்ணை மூடினார், 1984இல் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போன கப்பலும் நின்றுவிட்டது.

2003இல் வந்த சட்டத்தின் கீழ் பாட்டிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது அவருக்கு வயது 78. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிறந்த இடம் எது என்று மேசையிலிருந்தவர் கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொல்லி, டிவிஷனைச் சொல்லி, லயத்தின் இலக்கத்தையும் சொல்லிவிட்டு, அந்தக் காம்பராவில்தான் இப்போதும் இருக்கிறேன் ஐயா என்றார் பாட்டி.