வாளோடு முடிந்துவிடுவதில்லை சாமுராய் கதை

ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய் என்றாலே வாளும் மானமும்தான் என்று உங்கள் கட்டுரையை முடித்துவிட்டீர்கள், ஆனால் ஆரம்ப நூற்றாண்டுகளில் அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது குதிரைமேல் இருந்தபடி அம்பு எய்யும் திறமைதான். அப்புறம் துப்பாக்கி வந்தது, 1575-இல் நாகஷினோ போரில் ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவரின் படை அதை வைத்துத்தான் எதிரியான தகேதா குலத்தின் படையை நொறுக்கியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, தொகுகவா குடும்பம் ஜப்பானை ஆண்ட காலம். 1638-இல் ஷிமாபாரா விவசாயிகள் கலகம் அடங்கிய பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய போரே இல்லை. இடுப்பில் இரண்டு வாளோடு அலுவலகத்தில் கணக்கு எழுதி, அரிசியாக அளந்த சம்பளத்தை வணிகரிடம் காசாக்கி, கடனில் தவித்த சாமுராய்கள் ஏராளம். கடைசியில் 1876-இல் அந்தச் சம்பளமும் போனது, வாள் அணியவும் தடை வந்தது, மறுவருடமே சாய்கோ தகமோரி என்ற சாமுராய் தலைமையில், சத்சுமா பகுதி சாமுராய்களின் கலகம் வெடித்தது. இந்தப் பகுதியையும் தயவுசெய்து எழுதுங்கள்.