மனதைப் படித்தவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கு மனோசக்தி விதி எழுத உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது புள்ளிக் கணக்கில். டெலிபதிக்கு எத்தனை புள்ளி, பொருளைத் தொடாமல் நகர்த்த எத்தனை, ஓர் இரவு தூங்கி எழுந்தால் எத்தனை திரும்ப வரும் என்று அட்டவணை மேல் அட்டவணையாகப் போடுகிறார்கள். அது எளிதான வேலை. “அந்த வியாபாரியின் மனதைப் படிக்கிறேன்” என்று ஆட்டக்காரர் சொல்லி, பகடையும் நன்றாக விழுந்துவிட்ட பிறகு, கேம் மாஸ்டர் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும்? விதி எழுதுகிறவர் உழைக்க வேண்டிய இடம் அதுதான். பெரும்பாலான விதிநூல்கள் சரியாக அங்கே வந்ததும் நழுவிவிடுகின்றன என்பது என் நெடுநாள் மனக்குறை.

(பழக்கமில்லாதவர்களுக்கு: இந்த ஆட்டங்களில் ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் அதில் உள்ள பிற மனிதர்களையும் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை.)

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குள் மனோசக்தி 1976-இல் எல்ட்ரிட்ச் விசார்ட்ரி என்ற துணைநூல் வழியாக வந்தது. 1978-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அதைப் பின்னிணைப்பாக்கியது. அங்கே அது சுத்தமான லாட்டரி. அறிவு, விவேகம், ஆளுமைக் கவர்ச்சி மூன்றில் ஒன்றாவது 16-க்குக் குறையாமல் இருந்தால் சதவீதப் பகடையை (1 முதல் 100 வரை எண் தருவது) உருட்டிப் பார்க்கலாம். மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடைக்காது, கிடைத்தவருக்கோ அள்ளிக் கொட்டும். ஐந்து தாக்குதல் முறை, ஐந்து தற்காப்பு முறை, இரண்டையும் மோதவிட்டுப் பார்க்கத் தனி அட்டவணை. மனப்போர் சாதாரணச் சண்டையைவிடப் பல மடங்கு வேகமானது என்பதால், வாளோடு நிற்கும் நண்பர்களின் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருக்க, இருவர் மட்டும் விளையாடி மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் விதியை நான் மதிப்பதில்லை, அது எவ்வளவு பழைய விதியாக இருந்தாலும் சரி.

பிறகு 1991-இல் மனோசக்திக்காரர், போர்வீரர், மந்திரவாதி போல ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் தனிக் கதாபாத்திர வகையாகவே ஆனார். 2004-இன் எக்ஸ்பாண்டட் சயானிக்ஸ் ஹேண்ட்புக் புள்ளிமுறையை ஓரளவு செம்மையாக்கியது. அதில் ஒரு முக்கியமான கட்டுப்பாடு உண்டு: ஒரு சக்தியை ஒருமுறை பயன்படுத்தும்போது உங்கள் பாத்திரத்தின் நிலை (அனுபவத்தால் ஏறும் தரம்) எத்தனையோ அத்தனை புள்ளிக்கு மேல் கொட்ட முடியாது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் விளையாடிவிட்டு “மனோசக்தி அளவுக்கு மீறிய பலம்” என்று சத்தம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இதைவிட எரிச்சல், 2020-இல் கைவிடப்பட்ட ஒரு விதியைப் பற்றி. அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கான சோதனைக் கட்டத்தில் புள்ளியே இல்லாத ஒரு பகடையை முன்வைத்தார்கள். உருட்டும்போது அதன் மிக உயர்ந்த எண் விழுந்தால், அடுத்த முறைக்குப் பகடை ஒரு படி சிறியதாகிவிடும், அதாவது முகங்கள் குறைந்த பகடை. ஒன்று விழுந்தால் ஒரு படி பெரியதாகும். உச்சத்தில் மின்னிய மனம் சோர்ந்துபோகிறது, சறுக்கிய மனம் முறுக்கேறுகிறது. களைப்பு என்பதை எண்ணிக்கை இல்லாமல் கையில் உணர வைத்த விதி அது. அதே ஆண்டு வெளிவந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் அது இல்லை. எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பகடைக் குவியல்தான் இருந்தது. சுற்றிச் சுற்றிப் பழைய புள்ளிக்கே வந்து சேர்ந்தோம்.

“மனோசக்தியும் மந்திரம்தானே, பெயர்தான் வேறு” என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டின் பூர்வீகம் வேறு. இந்த ஆட்டங்களின் மனோசக்தி, 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் நடத்திய சோதனைகளின் வாசனையோடு வருகிறது. வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து குறிகள். குறிக்கு ஐந்து வீதம் 25 அட்டைகள். மறைத்து வைத்த அட்டையில் என்ன குறி என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சராசரியாக ஐந்து சரியாகும், அதற்கு மேல் எத்தனை என்பதுதான் கேள்வி. அந்தச் சோதனைகள் அறிவியலாக நிலைக்கவில்லை. ஆனால் சோதனைக்கூடம், அளவுகோல், பயிற்சி, பதிவேடு என்ற அந்தச் சூழல் கதைகளில் தங்கிவிட்டது.

அதை மிக அழகாகப் பிடித்தது 1977-இன் டிராவலர் என்ற விண்வெளி ஆட்டம். அதில் மனோசக்தியின் அளவைக் காண இரண்டு பகடை உருட்டி, கதாபாத்திரம் ஆட்டத்துக்கு முன் பணியில் கழித்த ஒவ்வொரு நான்காண்டுத் தவணைக்கும் ஒன்று கழிக்க வேண்டும். வயது ஏற ஏற வாய்ப்பு தேய்கிறது. பயிற்சி தரும் நிலையத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு, ஏனென்றால் அந்த ஆட்டத்தின் உலகை ஆளும் பேரரசில் மனோசக்தி வெறுக்கப்படுகிறது. இடம்விட்டு இடம் தாவும் சக்திக்கு அவர்கள் வைத்த விதி எனக்கு மிகவும் பிடித்தது: ஆற்றல் அழியாது என்ற இயற்பியல் விதி அங்கேயும் செல்லும். மலை உச்சிக்குத் தாவினால் உடல் வெப்பம் குறையும், பள்ளத்துக்குத் தாவினால் ஏறும். தொடக்க நிலையில் ஆடைகூட உங்களோடு வராது! எந்த மந்திரவாதியும் இப்படிக் கவலைப்பட்டதில்லை.

சக்திக்குக் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேசினால் டார்க் ஹெரசியையும் சொல்ல வேண்டும். வார்ஹேமர் 40,000 உலகத்துக்காக 2008-இல் வந்த அந்த ஆட்டத்தில், மனோசக்திக்காரர் தன் தகுதிக்கு உட்பட்டு எத்தனை பத்து முகப் பகடை உருட்டுவது என்பதைத் தானே முடிவு செய்கிறார். எந்தப் பகடையிலாவது 9 விழுந்தால் விபரீதம். ஒரு பகடைக்கு ஆபத்து 10 சதவீதம், இரண்டுக்கு 19, மூன்றுக்கு 27, நான்குக்கு 34. விபரீத அட்டவணையில் சிறு சகுனங்களும் உண்டு. 75-க்கு மேல் போனால் இன்னொரு கொடிய அட்டவணைக்குத் தள்ளிவிடும், அதில் மொத்தக் குழுவும் அழியலாம். பகடையைக் கையில் எடுத்தவர் தயங்கி ஒன்றைத் திரும்ப வைப்பார் பாருங்கள், அந்தத் தயக்கத்தை எந்தப் புள்ளிக் கணக்கும் தராது. ஒரே குறை, பேராசை ஒருவருடையது, சாவு எல்லோருக்கும். நண்பர்கள் அதை ஏற்கிறார்களா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இப்போது வியாபாரிக்கு வருகிறேன். துப்பறியும் கதை ஓடிக்கொண்டிருக்கிறது, குழுவில் ஒருவருக்கு டெலிபதி. கேம் மாஸ்டர் பதறிப்போய் என்ன செய்கிறார்? முக்கியமானவன் ஒவ்வொருவனுக்கும் மனக்கவசம் மாட்டிவிடுகிறார். சமையல்காரனின் மனம் திறந்த புத்தகம், கொலைகாரனின் மனம் மட்டும் இரும்புக் கோட்டை. யாருக்குக் கவசம் இருக்கிறதோ அவனே கொலைகாரன் என்று மூன்றாம் வாரத்தில் குழுவே கண்டுபிடித்துவிடும். ஆட்டக்காரர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த சக்தியைச் செல்லாக்காசாக்குவது எனக்கு நேர்மையாகவும் தெரியவில்லை.

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் டிடெக்ட் தாட்ஸ் (எண்ணங்களை அறிதல்) மந்திரம் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. முதலில் தெரிவது அந்தக் கணத்தில் மனதின் மேற்பரப்பில் ஓடுவது மட்டும். ஆழமாகத் துழாவினால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். கேள்வி கேட்டால் அவன் எண்ணம் அந்தப் பக்கம் திரும்பும். ஆக, மனதைப் படிப்பதே ஓர் உரையாடலாகிறது. சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்த ஆட்டக்காரருக்கு அங்கே வேலை இருக்கிறது.

மீதிப் பாதிக்கு எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மனம் என்பது உண்மையின் கிடங்கு அல்ல. பயமும் ஆசையும் தப்பான நம்பிக்கையும் அதே இடத்தில்தான் கிடக்கின்றன. எனவே முக்கியமான ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று காட்சிகள் எழுதி வைக்கிறேன்: நடந்த ஒன்று, அவன் பயப்படுகிற ஒன்று, அவன் விரும்புகிற ஒன்று. படிப்பவர் வென்றால் மூன்றும் கிடைக்கும், எது எந்த வகை என்ற குறிப்பு இல்லாமல். பகடை மிக நன்றாக விழுந்தால் ஒன்றின் வகையை மட்டும் கேட்கலாம். துறைமுகக் கிடங்கு வியாபாரியின் மனதில் ரத்தம் படிந்த கணக்குப் புத்தகம், கதவைத் தட்டும் சுங்க அதிகாரி, கப்பலேறிப் போகும் மகள். புத்தகம் உண்மை. ஆனால் அவன் பிணத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவன், கொன்றவன் அல்ல. நான் பொய் எதுவும் சொல்லவில்லை, சக்தி வேலை செய்தது, மர்மமும் பிழைத்தது. மூன்றையும் வைத்துக்கொண்டு குழு வாதாடும்போது டெலிபதி இல்லாதவர்களுக்கும் ஆட்டம் கிடைக்கிறது.

எதிர்காலத்தைப் பார்க்கும் சக்தி இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் எதிர்காலம் கேம் மாஸ்டருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்து இதற்குச் சிறந்த விதி மனோசக்திக்காரரிடம் இல்லை, மந்திரவாதியிடம் இருக்கிறது: அதே ஐந்தாம் பதிப்பின் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில், குறிசொல்லும் மந்திரவாதி நீண்ட ஓய்வு முடிந்ததும் இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டிக் குறித்து வைத்துக்கொள்கிறார். பிறகு தன் கண்ணில் படும் யாருடைய உருட்டுக்குப் பதிலாகவும், அது உருட்டப்படும் முன், அந்த எண்ணை வைத்துவிடலாம். காலையிலேயே 3 என்று தெரியும். அது யார் தலையில் விழும் என்பதை மாலையில் முடிவு செய்கிறார். கேம் மாஸ்டர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

அடுத்தவர் மனதை ஆட்டுவிப்பதும் கூடு விட்டுக் கூடு பாய்வதும் வேறு சங்கதி. எதிரி பாத்திரங்கள் மீது என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். சக ஆட்டக்காரரின் பாத்திரத்தைப் பறித்துக்கொண்டு அவரைச் சும்மா உட்கார வைப்பதற்கு நான் எதிரி. ஃபேட் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒரு நல்ல வழி உண்டு: தன் பாத்திரத்தின் பலவீனத்துக்கு இணங்கினால் ஒரு புள்ளி கிடைக்கும், மறுத்தால் ஒரு புள்ளி போகும். அதையே மனோசக்திக்கும் கடன் வாங்குகிறேன். “உன் வாள் நண்பன் பக்கம் திரும்புகிறது, இணங்கினால் பரிசு, எதிர்த்தால் காயம்.” முடிவு அவர் கையிலேயே இருக்கும், பெரும்பாலும் நான் கேட்டதைவிட மோசமாகவே செய்து காட்டுவார்.

இதெல்லாம் கேம் மாஸ்டருக்குக் கூடுதல் சுமை என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆளுக்கு மூன்று வரி. மனக்கவசத்துக்குக் காரணம் ஜோடிப்பதைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. ஆட்டக்காரர்களையும் தங்கள் பாத்திரத்துக்கு மூன்று காட்சி எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள், எதிரணியிலும் டெலிபதிக்காரர் இருக்கலாம் அல்லவா.