நின்றதற்கும் அபராதமா?

நிறுத்தக் கோட்டில் நிற்காமல் போனேனாம். அபராதச் சீட்டு வந்திருக்கிறது. நின்றேன், எனக்கு நன்றாகத் தெரியும். ஓரத்து மரக்கிளை பார்வையை மறைத்ததால், கோட்டில் நின்றுவிட்டு, மெல்ல முன்னே நகர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் போனேன். சீட்டோடு வந்த படத்தில் அந்த நகர்ந்த நொடி மட்டும்தான் இருக்கிறது. முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் வண்டி நின்றதா, உருண்டு வந்ததா என்று ஒற்றைப் படத்தை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

விதியோடு எனக்குச் சண்டையே இல்லை. சாலைக் குறியீடுகளுக்கான 1968 வியன்னா உடன்படிக்கையிலேயே உள்ள நிறுத்தப் பலகை அது. எண்கோணச் சிவப்பைக் கண்டால் வேகத்தைக் குறைத்தால் போதாது, சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். சரிதான், உயிர் சம்பந்தப்பட்டது.

ஆனால் இந்தச் சீட்டு! பணம் கட்டச் சொல்வது கொட்டை எழுத்தில். எந்தச் சட்டப்பிரிவு என்பது பொடி எழுத்தில். மறுப்பதற்கான கடைசித் தேதி பின்பக்க மூலையில், மடிப்புக்குள்ளே. பல இடங்களில் பணத்தைக் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. அதை முதல் வரியில் சொன்னால் என்னவாம்?

"கட்டித் தொலைச்சிட்டு வேலையைப் பாரு" என்கிறார்கள் வீட்டில். செய்யாத தப்புக்கு ஏன் கட்ட வேண்டும்? முழு வீடியோவையும் கேட்டு எழுதிவிட்டேன். யாராவது வெட்டிவிடுவதற்குள் அந்தக் கிளையையும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே படம் எடுத்து வைத்துவிட்டேன்.