அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீங்க

காலையிலேர்ந்து 11 பேர் அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன். கடையில 12 ரூபாய் கேரி பேக்குக்கு பில் போட்ட பொண்ணு முகத்துக்கு நேரா போனை நீட்டி, "உன் பேரைச் சொல்லும்மா, ஊரே பார்க்கட்டும்"னு வீடியோ எடுத்த அண்ணன் ஆத்துற அந்த வீர உரை. பேட்ஜில இருக்கிற பேரை ஜூம் வேற பண்ணியிருக்கார். அந்தப் பொண்ணு வாயே திறக்கலை. ஸ்கேனரைக் கையில பிடிச்சுக்கிட்டு, சூப்பர்வைசர் வர்றாரான்னு திரும்பித் திரும்பிப் பார்க்குது. அதைக் கவனிச்சீங்களா யாராவது?

பைக்குக் காசு வாங்குறது தப்புதான். கடை பேரை அச்சடிச்ச பையை நம்மகிட்டயே விக்கிறதுக்கு நுகர்வோர் ஆணையங்கள் எத்தனையோ கடைகளைக் கண்டிச்சு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியிருக்கு. நான் மறுக்கலை. ஆனா அந்த 12 ரூபாயை அந்தப் பொண்ணா நிர்ணயிச்சா? பையும் ஸ்டாக்தான். பில் போடாம கொடுத்தா ராத்திரி கணக்கு இடிக்கும். அது யார் சம்பளத்துல விழும்? முதலாளி சம்பளத்துலயா?

"அப்போ தட்டிக் கேட்கவே கூடாதா"ன்னு கிளம்பி வருவீங்க, தெரியும். கேளுங்க சார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்க. 5 லட்சம் ரூபாய்க்குள்ள வாங்கின பொருள்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணமே கிடையாது, வக்கீல் கூட வேண்டாம். பில்லை வச்சு கடை மேல எழுதிப் போடுங்க. என்ன, அதுக்கு லைக் விழாது. முதலாளி முகமும் கேமராவுல சிக்காது. சிக்கறது பில் போடுற முகம் மட்டும்தான்.

"வேலை பார்க்கிறவங்களும் திமிரா பேசறாங்களே." பேசறாங்க. சரி, அப்புறம்?

2008லேர்ந்து மூணு வருஷம் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில புடவை செக்‌ஷன்ல நின்னவன் நான். ஒரு தீபாவளி சீசன்ல ஒரு அம்மா சாயம் போன புடவையோட வந்தாங்க. நான் வித்ததே இல்லை அது. அத்தனை பேர் முன்னாடி "பிச்சைக்காரப் பயலே"ன்னுட்டு போயிட்டாங்க. சூப்பர்வைசர், "ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாடா"ன்னார். ரங்கநாதன் தெருக் கூட்டத்துல அந்த அம்மாவோட மாம்பழக் கலர் புடவையைத் தேடித் தேடி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன். கிடைக்கலை. திரும்பி வந்து, கேட்டுட்டேன் சார்னு பொய் சொன்னேன்.

எங்கம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் அது தெரியாது. இந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நேத்து ராத்திரியே யாராவது போனைக் காட்டியிருப்பாங்க.

கடையில வேலை பார்க்கிறவங்க உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021ல நம்ம சட்டசபையில சட்டத்தையே திருத்தினாங்க. கேரளாவுல 2018லயே வந்தாச்சு. எத்தனை பேர் அதுக்கு ஒரு வரி பதிவு போட்டீங்க? அந்த வீடியோவை மறுபடி பாருங்க. பொண்ணுக்குப் பின்னால ஒரு ஸ்டூல் இருக்கு. அது மேல பில் ரோல் அட்டைப்பெட்டி. மேல ஒண்ணு, அதுக்கும் மேல ஒண்ணு. அண்ணன் அதை ஜூம் பண்ணலை.

அனுப்பின 11 பேர்ல ஒருத்தன் அந்த ஜவுளிக்கடையில என்கூட நின்னவன். ஒரே ரூம், ஒரே பாய். சிரிக்கிற பொம்மை வேற போட்டு அனுப்பியிருக்கான். டேய், மத்தியானம் ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கலை.