மனசுக்கு மார்க் போடுகிறவள்

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் மண்டபத்தில் மனச்சோர்வைக் கேலி செய்து ஓர் அண்ணன் மேடையில் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சின் காணொளியை அனுப்பி "இது உன்னைத்தானே?" என்று பதினோரு பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம். "இப்பல்லாம் மனசுக்கு மார்க் போட்டுப் பார்க்கிறாங்களாம்" என்று அவர் சொன்னதும் மண்டபமே சிரித்ததே, அந்த மார்க் போடுகிறவள் நான்தான்.

போடுகிறேன். சமையலறை நாள்காட்டியில் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினேன், குளித்தேனா என்று குறிக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிஎச்கியூ-9 தாள், அதாவது மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள்: ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, அதிகபட்சம் 27. 10ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏன் போடுகிறேன்? எனக்கே என்னைத் தெரியவில்லை, அதனால்தான். மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைத்திருந்தேன். நான் அழவே இல்லை. எல்ஆர்டி ரயிலில் நின்று வேலைக்குப் போனேன், கல்யாணங்களில் சிரித்தேன், பசியாற உட்கார்ந்தால் மட்டும் தோசை ஆறிப்போகும். முதல் தடவை 17 வந்தது. தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று மறுபடியும் போட்டேன். 17தான்.

"போனைப் பார்த்து நீயே டாக்டர் ஆகிவிட்டாயா?" என்றார் அண்ணன். சரி, நியாயமான கேள்வி. தாள் நோயை முடிவு செய்யாது, சந்தேகத்தைத்தான் சொல்லும். அதனால்தான் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க கிளினிக்கில், காத்திருந்தேன். தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று அங்கே முதலில் ரத்தம் எடுத்தார்கள். "சாமி கும்பிடலாமே?" கும்பிடுகிறேன். அடுத்து. "எல்லாம் ஃபேஷன்." மலேசிய சுகாதார அமைச்சின் ஆய்வில் 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, 2023இல் 4.6. அத்தனை பேரும் ஃபேஷனுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோமோ?

அண்ணன் தேநீர் நேரத்தில் தன் சர்க்கரை அளவை எழுதிய புத்தகத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அப்புறம் அந்த "எஸ்டேட்டில் பால் மரம் வெட்டின நம்ம பாட்டிங்களுக்கு இதெல்லாம் வந்துச்சா?" என் பாட்டிக்கு வந்தது. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்துப் பின்வாசலில் இருட்டும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். காற்று சேர்ந்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். அது இரண்டு வருடமா, ஆறு வருடமா, அம்மாவுக்கே தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அண்ணே.

நேற்று தாள் போடும் நாள். 12. போன தடவை 7. பழியை அண்ணன் தலையில் போடவில்லை, தாள் கேட்பது இரண்டு வாரத்தை, மண்டபம் அதில் ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போகிறேன். அந்தக் காணொளியை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.