கொல்லாமலே தடுக்கும் பாசி

கடற்பாசியிலிருந்து மெத்தனாலில் எடுத்த சாறு பாக்டீரியாவைக் கொல்கிறது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் கொல்லாமலே தடுக்கும் பாசியும் உண்டு. ஆஸ்திரேலியக் கடலோரத்தில் வளரும் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியின் மேல் பாக்டீரியாக்கள் எளிதில் படலம் கட்டுவதில்லை. அதிலுள்ள, புரோமின் சேர்ந்த ஃபியூரனோன்கள் என்ற வேதிப்பொருள்கள், பாக்டீரியாக்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞையைப் போலவே இருப்பதால் அந்தப் பேச்சைக் குழப்பிவிடுகின்றன. எவ்வளவு அழகான தற்காப்பு!

அப்புறம், பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில், சாற்றில் நனைத்து வைத்த காகித வில்லையைச் சுற்றி, பாக்டீரியா வளராமல் தெரியும் தெளிந்த வளையத்தை மட்டும் நம்பக் கூடாது. வளையம் மெத்தனாலாலேயே வந்ததா என்று அறிய, சாறு சேராத மெத்தனாலில் மட்டும் நனைத்த வில்லையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகத்தான் பரவும், அதனால் வளையம் சிறிதென்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவையும், அதாவது பாக்டீரியா வளர்வதைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த செறிவையும், கட்டுரையில் கொடுத்திருக்கலாம்.