மாடிகளோடு எனக்குப் பகை இல்லை

வேலூரில், காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது மனையில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. வாசலில் இரண்டு வேப்ப மரங்கள், கொல்லையில் கல் கட்டிய கிணறு. போன மாதம் வீட்டை இடித்துவிட்டார்கள். இரண்டு கிரவுண்டு மனை. தரைத்தளத்தில் நான்கு கடைகள், வண்டி நிறுத்த இடம், மேலே நான்கு மாடிகளில் எட்டு வீடுகள் வரப்போகின்றன. தெருக்காரர்கள் எதிர்ப்பு மனு எழுதி என்னிடம் கொண்டுவந்தார்கள். "டீச்சர், நீங்கள் போட்டால் மீதிப் பேரும் போட்டுவிடுவார்கள்" என்றார் எதிர்வீட்டு அண்ணன். நான் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு வருத்தம். நாற்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் எனக்கும் வருத்தம்தான். வாசலில் நின்று பேசி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கீழே கடை, மேலே வீடு என்பது வேலூருக்குப் புதிதா? லாங் பஜாரிலும் மண்டித் தெருவிலும் கொசப்பேட்டையிலும் நம் பெரியவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். என் அத்தை வீடு கொசப்பேட்டையில். முன்கட்டில் மாமாவின் மளிகைக் கடை, பின்கட்டில் சமையல், மாடியில் படுக்கை. மாமா கல்லாவைப் பூட்டிக்கொண்டு பதினான்கு படி ஏறினால் சோறு தயாராக இருக்கும். அத்தை தன் வாழ்நாளில் மருந்துக்கோ காய்கறிக்கோ பஸ் ஏறியதே இல்லை. பிறகு நாங்கள்தான் அதை நெரிசல் என்று சொல்லிவிட்டு, சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டுக்கும் காந்தி நகருக்கும் காற்றோட்டம் தேடி வந்தோம். இன்று அதே அமைப்புக்குக் கலப்புப் பயன்பாடு என்று பெயர். கட்டட விதிகளிலேயே கலப்புக் குடியிருப்பு மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் புதிது, வாழ்க்கை பழையது.

நம் ஊரின் உருவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை பாலாற்றுக்குத் தெற்கே. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. ஆற்றுக்கு வடக்கே. ரயில் ஏறும் காட்பாடி ஜங்ஷனும் வடக்கேதான். ஆட்சியர் அலுவலகம் கிழக்கே சத்துவாச்சாரியில். காலை எட்டரை மணிக்குப் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால், இந்தக் கரைக்காரர்கள் அந்தக் கரைக்கும் அந்தக் கரைக்காரர்கள் இந்தக் கரைக்கும் போய்க்கொண்டிருப்பார்கள். கிரீன் சர்க்கிள் சந்திப்பில் சிக்கிக்கொண்டு வெயிலில் காய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு அருகே வீடு கிடைக்காத ஊரில் எத்தனை பாலம் கட்டினாலும் இந்தக் கூட்டம் குறையாது.

வீடு ஏன் கிடைக்கவில்லை? பாபு ராவ் தெருவிலும் தோட்டப்பாளையத்திலும் சைதாப்பேட்டையிலும் போய்ப் பாருங்கள். மாத வாடகைக்கு இருந்த வீடுகளெல்லாம் நாள் வாடகை அறைகளாகிவிட்டன. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்கு அந்த அறைகள் வேண்டும். அதில் எனக்கு எள்ளளவும் மனக்குறை இல்லை. வாடகை அடுப்பில் தாங்களே மீன் குழம்பு வைத்துக்கொண்டு, மருத்துவர் தரும் தேதிக்காகக் காத்திருக்கும் அந்தக் குடும்பங்களைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் எங்கே குடியிருப்பது? வார்டு உதவியாளர், சமையற்காரர், ஆய்வுக்கூடப் பணியாளர் எங்கே போவது? என்னிடம் படித்த பெண் ஒருத்தி நர்ஸாக இருக்கிறாள். நகருக்குள் ஒரு வருடம் வீடு தேடினாள். போகியத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. இப்போது அரியூருக்கு அப்பால் இருந்து, இரவுப் பணி முடித்து, விடியற்காலையில் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். எங்கள் தெருவில் எட்டு வீடு வருவதை எதிர்த்துக் கையெழுத்திட்டால், அவளுக்கு எதிராகக் கையெழுத்திட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நகருக்குள் வீடு கட்டாவிட்டால் மக்கள் வீடில்லாமலா இருப்பார்கள்? வெளியே போவார்கள். வெளியே என்றால் எது? ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் வயல். நேற்றுவரை நாற்று நட்ட இடத்தில் வெள்ளையடித்த மனைக்கற்கள், வண்ணக் கொடிகள், முகப்பில் ஒரு வளைவு. ரத்தினகிரி வரைக்கும், அந்தப் பக்கம் அப்துல்லாபுரம் வரைக்கும் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே இதைத்தான் பார்க்கிறேன்.

என் தம்பி அப்படி ஒரு மனையை 2011-இல் வாங்கினான். காட்பாடிப் பக்கம், ஓர் ஏரிக்குக் கீழே. பட்டா சரி, வில்லங்கச் சான்று சரி, தாய்ப்பத்திரம் சரி. வக்கீலும் பார்த்தார். கிராமத்துப் புல வரைபடத்தை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அதில் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் வந்து, இப்போது அவன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தார்ச்சாலை இடத்தில் ஓடுகிறது. ஏரியின் கலங்கலிலிருந்து உபரிநீர் போகும் வழி அது. விற்றவர்கள் அதை மண் போட்டு மேடாக்கி, முப்பது அடிச் சாலை என்று காட்டி விற்றுவிட்டார்கள்.

"தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை" என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பி வந்தார். 2021 நவம்பரில் ஆற்றுக்குத் தண்ணீரும் திரும்பி வந்தது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது. கழிஞ்சூர் ஏரி நிரம்பிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. என் தம்பி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மகளுடைய பள்ளிச் சான்றிதழ்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வந்ததை நான் பார்த்தேன். தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்தது. நாம்தான் அதன் வழியில் வாசற்படி கட்டியிருந்தோம். விற்றவர்களின் தொலைபேசி எண் அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது.

ஆகவே என் கோபம் ஐந்தாவது தளத்தின் மீது இல்லை, தண்ணீர் நிற்க வேண்டிய ஏரி உள்வாயிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் நடப்படும் மனைக்கற்களின் மீதுதான். நகருக்கு நடுவே மேடான, சாலை வசதியுள்ள, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பங்கள் வந்தால், எங்கோ ஒரு வயல் தப்பிக்கிறது என்றே கணக்குப் போடுகிறேன்.

இப்படிச் சொன்னதும் கட்டுகிறவர்களின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களிடம் கேட்க வேண்டியதும் நிறைய இருக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இத்தகைய கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு 2 என்று அனுமதிக்கின்றன. அதாவது மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம். எங்கள் தெருவின் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் 9,600 சதுர அடி. நல்லது, கட்டட்டும். ஆனால் திறந்தவெளிக்காக 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்ற விதி, மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் பொருந்தும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணமாகவும் கட்டிவிடலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வதற்கும் எல்லை உண்டு. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கும் பதிவு தேவையில்லை. எங்கள் தெருவில் வருவதும் சரியாக எட்டு வீடு. இப்படி ஒவ்வொன்றும் சின்னக் கட்டடமாக, எந்த விதியிலும் சிக்காமல், தெருவுக்கு மூன்று என்று முளைத்தால் பத்தாண்டில் காந்தி நகரின் மக்கள்தொகை பல மடங்காகும். ஒரு சென்ட் பூங்கா கூடுதலாக வராது. ஓரடி கால்வாய் அகலமாகாது. இது விதி மீறல் இல்லை என்பதுதான் எனக்கு மேலும் கவலை தருகிறது.

தண்ணீர் என்ன ஆகும்? நமக்குக் காவிரி நீர் மேட்டூரிலிருந்து வருகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பெட்டிகளில் அந்தக் காவிரி நீரைச் சென்னைக்கு அனுப்பியபோது, நம் தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. எட்டுக் குடும்பம் வந்தால் எட்டுக் குடும்பத்துக்கும் குழாய்நீர் போதாது. உடனே ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். அதற்குப் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றும். பிறகு லாரி வரும். கழிவுநீருக்கு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் இரவில் மழைநீர்க் கால்வாயில் ஒரு குழாய். இதெல்லாம் நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் மூக்குக்குத் தெரிந்த உண்மை.

இந்த ஊரின் பெயரில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தை நடத்துகிறார்கள். அந்த ஊரிலேயே, ஒரு கட்டடம் தெருவின் கால்வாய் மீது ஏற்றும் பாரத்தைத் தெருக்காரர்கள் சுமக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? வீடுகள் எட்டு என்றால் எட்டு வீட்டின் கழிவுநீருக்கும் வழி காட்டிய பிறகே கட்டட அனுமதி என்று மாநகராட்சி பிடிவாதமாக நிற்க வேண்டும்.

கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தரைத்தளம் முழுவதையும் வண்டிகளுக்கு விட்டு, தெருவைப் பார்த்து இரும்புக் கதவை மட்டும் வைக்கும் கட்டடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கட்டடங்கள் இருக்கும் தெருவில் ஒரு பெண் தனியாக நடந்து பார்த்தால் காரணம் புரியும். வெளிச்சமும் ஆளும் கடைகளால்தான் வருகின்றன. ஆனால் எந்தக் கடை? பத்து லட்சம் முன்பணம் கேட்டால் கைப்பேசிக் கடையும் நகைக் கடனும்தான் வரும். இடித்த வீட்டு வாசலில், அந்த வேப்ப மரத்தடியில், இருபது வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் இப்போது முனையில் வெயிலில் நிற்கிறார். நான்கில் ஒன்றைப் பத்துக்குப் பத்தாகக் கட்டி, அவரைப் போன்ற ஒருவர் கொடுக்கக்கூடிய வாடகைக்கு விடலாமே.

இதையெல்லாம் மனுவாக எழுதாமல் நேரே போய்க் கேட்டேன். கட்டுகிற பொறியாளர் இளைஞர், மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கடை பற்றி, "உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறேன் அம்மா" என்றார். வேப்ப மரங்களில் ஒன்று கடைவாசலுக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள், மற்றது நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். கொல்லைக் கிணற்றை இடித்த ஓடும் செங்கல்லும் போட்டுத் தூர்த்துவிடத்தான் வரைபடத்தில் இருந்தது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்தானே, அதற்குப் புதிதாகக் குழி தோண்டுவதற்குப் பதில் இந்தக் கிணற்றையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவர் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். அடியில் தண்ணீர் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

நேற்று மாலை அந்தப் பக்கம் போனேன். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே கான்கிரீட் மூடி போடுவதற்கு அளவெடுத்திருந்தார்கள். மொட்டைமாடிக் குழாய் இறங்க வேண்டிய இடத்தில் கொத்தனார் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். எதிர்வீட்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.